பதினேழாம் எண் மாணவர்

பள்ளி திறந்த நாளன்று காலை ஒன்பது மணிக்கு ஒன்றாம் வகுப்பறைக்குள் இருந்தவர்கள் வருமாறு: டீச்சர், ஒருவர். கதவோரம் சாவிக்கொத்துடன் பியூன், ஒருவர். சுவரில், சிலுவையில் இயேசு, ஒருவர். பெயர் அட்டை ஒட்டிய சின்னப் பெஞ்சுகளில், பதிவேட்டின்படி, மாணவர்கள் முப்பத்தொரு பேர்.

வராந்தாவில் நின்றவர்களைப் பதிவேடு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக முப்பத்தொரு பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர், சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய்.

உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் உட்கார வேண்டிய முப்பத்தொரு பேரும் போன வருஷம் செத்துப்போனவர்கள்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல அதிக நேரம் பிடிக்காது. அந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. திறப்பதற்கு முந்தின நாள் இரண்டு புத்தகங்களைக் கோயில் பீடத்தில் வைப்பார்கள். ஒன்று, ஒன்றாம் வகுப்பின் வருகைப் பதிவேடு. மற்றது மரித்தோர் புத்தகம். அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களில் போன வருஷம் இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் சிற்றாலயத்தில் வாசித்து அவர்கள் ஆன்மா இளைப்பாறச் செபிப்பார்கள். தாளாளர் ஃபாதர் இரண்டுக்கும் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுவார். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தப் புத்தகங்களில் பேனாவால் அடிக்கக் கூடாது, பிளேடால் சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து ஒட்டுவது ஆபீஸ் கிளார்க்கின் வேலை. இந்த வருஷம் இரண்டு பட்டியலிலும் முப்பத்தொரு பெயர்கள். கிளார்க் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மச்சினனோடு வீட்டுப் பாகப்பிரிவினை பேசியபடியே, இதை அதிலும் அதை இதிலும் ஒட்டிவிட்டு சாப்பிடப் போய்விட்டார்.

வராந்தாவில் மூன்றாவது தூணருகே நின்றவள் தையல்காரி. பிள்ளைகள் போட்டிருந்த சட்டை அத்தனையும் அவள் தைத்தது. ஒவ்வொரு சட்டைப்பையிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரை நீல நூலால் போட்டிருந்தாள். தன் மகளின் பெயரை மட்டும் இரட்டை நூலில். மகளுக்கு ஐந்து வயது. தெருவில் அவளை வாயாடி என்று சொன்னால்தான் தெரியும். அவளுடைய அப்பா பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் பேசித் தீர்க்கிறாள் என்பார்கள்.

அப்பா குழாய் ரிப்பேர் பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்றாம் நாள் போய்விட்டார். அவருடைய பெயரை மரித்தோர் புத்தகத்துக்கும், மகளின் பெயரைப் பள்ளிக்கும், தையல்காரி ஒரே நாளில் ஒரே ஜன்னலில்தான் எழுதிக் கொடுத்தாள். "ரெண்டு தடவை அலைய வேண்டியதில்ல பாருங்க, ஒரே நடையில முடிஞ்சுது," என்று கிளார்க் சந்தோஷப்பட்டார்.

டீச்சர் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். கோயிலில் ஆர்மோனியம் வாசித்த கிழவர் முதல் எண். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார், காத்திருந்தார், வரவில்லை என்று குறித்தார். மூன்றாம் எண் பேக்கரிக்காரரின் மாமனார். அவரும் இல்லை. யாரோ ஒரு அப்பா ஜன்னல் வழியாக, டீச்சர் இவங்கெல்லாம் செத்துட்டாங்களே என்று மெல்லச் சொன்னார்.

"எழுதியிருக்கிற பேரைக் கூப்பிடறதுதான் என் வேலை. வர்றதும் வராததும் அவங்க பொறுப்பு," என்றார் டீச்சர்.

பதினேழாவதாக அவர் கூப்பிட்டது தையல்காரியின் புருஷன் பெயரை. முழுப்பெயர், இனிஷியலோடு. அந்தப் பெயரை அப்படி முழுசாக யாரோ கூப்பிட்டு அவள் கடைசியாகக் கேட்டது ஆஸ்பத்திரி நடைபாதையில். நர்ஸ் கதவைத் திறந்து, கையில் அட்டையோடு, அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்து நின்று "இங்கதான் இருக்கேன்" என்று சொன்னது இவள். இப்போதும் அதே பதில் வாய் வரை வந்து நின்றது. டீச்சர் காத்திருந்தார். குழாய் ஒரு சொட்டு விட்டது. டீச்சர் குறித்துக்கொண்டு பதினெட்டுக்குப் போனார்.

அந்தக் குழாயும் அவள் புருஷன் கைவைத்ததுதான். சாவதற்கு ஒரு மாதம் முன்பு வந்து, அதன் கழுத்தில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, வாஷர் வாங்கிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். ஊரில் பாதி வீட்டுக்கு அவர் அந்த 'நாளை' பாக்கி.

முப்பத்தொன்று முடிந்ததும் பியூன் கதவைச் சாத்திப் பூட்டினார். பெயர் கூப்பிட்டு முடித்தபின் வருகிறவர்கள் உள்ளே நுழையாமல் இருக்க அப்படி ஒரு விதி.

பெற்றோர் எல்லாரும் தலைமை சிஸ்டரின் அறைக்குப் போனார்கள். சிஸ்டர் எல்லாரையும் நிற்க வைத்தே ஒரு சின்ன செபம் சொன்னார். பிறகு பேசினார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இங்க தப்பு எதுவும் நடக்கல. தப்பு நடந்திருந்தா தீர்த்தம் தெளிக்கும்போதே தெரிஞ்சிருக்கும். இருபத்தாறு வருஷமா இந்தப் பள்ளியில தப்பு நடந்ததில்ல. அதுக்குன்னு தனியா ஒரு நோட்டு வச்சிருக்கோம், பாருங்க, காலியா இருக்கு."

தையல்காரிக்கு இதில் என்ன சிக்கல் என்றே புரியவில்லை. ரெண்டு புத்தகத்துக்கும் மேலட்டையை மாற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே, நானே பிரித்துத் தைத்துத் தருகிறேன், அரை மணி நேர வேலை என்றாள்.

சிஸ்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க சட்டை தைக்கிறவங்கம்மா. இது திருச்சபை."

மரித்தோர் புத்தகத்தில் என் பிள்ளை பெயரை வாசிப்பீர்களா என்று ஒரு அம்மா அழ ஆரம்பித்தாள். அதற்குத் தாளாளர் ஃபாதரே வந்து பதில் சொன்னார். செபம் யாருக்கும் கெடுதல் செய்யாது, என்றைக்கோ ஒரு நாள் எல்லாருக்கும் தேவைப்படப் போவதுதான், உங்கள் பிள்ளைகளுக்கு அது முன்கூட்டியே கிடைக்கிறது, மற்றப் பங்குகளில் இந்த வசதி கிடையாது என்றார். அழுதவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றி சொன்னாள்.

வழியும் இருந்தது. ஒரு மாணவர் தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் அவருடைய இடம் தானாகக் காலியாகும். அடிக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம்; பெயர் தானாக உதிர்ந்துவிடும். அந்த இடத்துக்கு ஒரு பிள்ளையை இணைப்புத் தாளில் சேர்த்துக்கொள்ளலாம். இறந்தவர்கள் வரப்போவதில்லை என்பதால் பதினாறாம் நாள் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே. அதுவரை வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் படிக்கட்டும்.

"காத்திருக்கிறதும் ஒரு பயிற்சிதான்," என்றார் சிஸ்டர். "மோட்சத்துக்கு முன்னால உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு வேற எதுக்கு இருக்கு?"

பதினைந்து நாளும் பள்ளி முறையாக நடந்தது. டீச்சர் காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று அகரம் எழுதினார், படித்துக் காட்டினார், கேள்வி கேட்டார், பதிலுக்கு நிதானமாகக் காத்திருந்தார். மூன்றாம் நாள் விதிப்படி வீடுகளுக்குக் கடிதம் போனது: தங்கள் பிள்ளை தொடர்ந்து வரவில்லை, காரணம் எழுதி அனுப்பவும். மனைவியை இழந்த ஒரு வாட்ச்மேன் 'புற்றுநோய்' என்று எழுதி அனுப்பினார். மருத்துவச் சான்று இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. இறப்புச் சான்றிதழை இணைத்தார். இது போதும் என்று கிளார்க் வாங்கிக்கொண்டார்.

தையல்காரிக்குக் கடிதம் வரவில்லை. அது ஒன்றாவது நம்மை விட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

மறைமாவட்டத்திலிருந்து பள்ளி ஆய்வாளர் வந்தார். ஒன்றாம் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் எண்ணைப் பார்த்துக் கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். பதில் வராததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டில் எழுதினார்: "இவ்வளவு ஒழுக்கமான ஒன்றாம் வகுப்பை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. பேச்சு இல்லை, சண்டை இல்லை, தரை சுத்தம். மற்ற வகுப்புகளும் இந்நிலையை அடைய வேண்டும்."

அதன்பிறகு டீச்சரிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. வகுப்பில் குரலைத் தாழ்த்திப் பேசினார். மூன்றாம் பெஞ்சுப் பக்கம் காற்று வேண்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார். வராந்தாவில் இருந்த பிள்ளைகளும் சத்தம் போடுவதை விட்டார்கள். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூணாம் பெஞ்சில் தாத்தா இருமிக்கொண்டே இருக்கிறார் என்று பேக்கரிக்காரரின் மகன் வீட்டில் போய்ச் சொன்னான். ஆர்மோனியத் தாத்தா பெஞ்சில் விரலால் தட்டுகிறார் என்றாள் ஒரு சிறுமி.

வாயாடி ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பாவுக்கு அந்த பெஞ்சு பத்தலம்மா. முட்டி இடிக்குது."

தையல்காரி தட்டைப் பார்த்துக்கொண்டே, பேசாமல் சாப்பிடு என்றாள். அன்று சாயங்காலம் மெஷினில் ஊசி மூன்று தடவை உடைந்தது.

பதினாறாம் நாள் பியூன் கதவைத் திறந்து வைத்தார். டீச்சர் இணைப்புத் தாளை எடுத்து ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே அழைத்தார். முப்பது பேர் போனார்கள். முப்பது அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வராந்தாவில் வாயாடி மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். கதவு பூட்டப்பட்டது.

ஆபீஸில் சிஸ்டர் பதிவேட்டை விரித்துக் காட்டினார். பதினேழாம் வரிசையில் முதல் நாள் ஒன்றைத் தவிர மீதி எல்லாக் கட்டத்திலும் 'வந்தார்' என்ற டிக், வரிசையாக, அழகான கையெழுத்தில்.

"உங்க வீட்டுக்காரர் முதல் நாள் மட்டும்தான் வரல," என்றார் சிஸ்டர்.

தையல்காரி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரிசையில் விரலை ஓட்டினாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் பையின் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"நான்தான் ஜன்னல்கிட்ட நின்னு உள்ளேன் டீச்சர்னு சொன்னேன்."

"ஏன்டி?"

"அப்பா எங்க போனாலும் பேசவே மாட்டார்ல. பதில் சொல்லாட்டி டீச்சர் வரலைன்னு போட்டுடுவாங்க."

தையல்காரிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இனிமேல் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள். இன்னும் பதினைந்து நாள் அப்பா வராமல் இருந்தால் நீ உள்ளே போகலாம். மகள் சரி என்று தலையாட்டினாள். கொஞ்ச தூரம் நடந்தபின், "அப்ப அப்பா எங்க போவார்?" என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து வாயாடியை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். வேறு பள்ளியிலும் கேட்டுப் பார்த்தாள். பங்கிலிருந்து ஒரு சான்றுக் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். கிளார்க் தாராளமாக எழுதிக் கொடுத்தார்: மேற்படி சிறுமியின் பெயர் எங்கள் மரித்தோர் புத்தகத்தில் இடம்பெற்றுள்ளது எனச் சான்றளிக்கிறேன். அந்தப் பள்ளியில் அதைப் படித்துவிட்டு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்கள்.

மாதக் கடைசியில் பள்ளிக் கூட்டத்துக்குப் பெற்றோர் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். மைதானத்தில் எல்லா வகுப்பும் வரிசையாக நின்றது. தாளாளர் ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

"ஒன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த முப்பத்தொரு பேரில் முப்பது பேர் முதல் பதினைந்து நாளிலேயே தளர்ந்து போனார்கள். ஒருவர் மட்டும் தளரவில்லை. அவருக்கும் சாக்குச் சொல்ல இடம் இருந்தது. மற்ற எவரையும் விட அதிகமாகவே இருந்தது. ஆனாலும் வந்தார். நம் பள்ளி என்ன மாதிரி மாணவரை விரும்புகிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இதோ, இவரைப் போன்றவரைத்தான். கேள்வி கேட்டதில்லை. எதிர்த்துப் பேசியதில்லை. உணவு, தண்ணீர், கழிவறை என்று எதற்கும் நம்மைத் தொந்தரவு செய்ததில்லை."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெற்றோர் என்ற முறையில் தையல்காரி மேடையேறிப் பதக்கத்தை வாங்கினாள். உயிரோடு இருந்த காலத்தில் சொன்ன நேரத்துக்கு ஒரு வீட்டுக்கும் போகாத மனுஷன், கல்யாணத்தன்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தவர், முதல் நாள் ஒன்று போக, முழு வருகைக்குப் பதக்கம் வாங்கியிருக்கிறார். இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேடைப்படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று சிஸ்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தண்ணீரைக் குடிக்கும்போதுதான் பொறி தட்டியது. மகள் பத்து நாளாக வீட்டில் இருக்கிறாள். முழு வருகை எப்படி?

மறுநாள் காலை அவளே போய் வராந்தாவில் நின்றாள். டீச்சர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். உள்ளே முப்பது பிள்ளைகள் இணைப்புத் தாளிலிருந்த தங்கள் பெயர்களுக்குப் பதில் சொன்னார்கள். பதினேழுக்கு அவருடைய பெயரைக் கூப்பிட்டார். அமைதி. வராந்தாக் குழாய் ஒரு சொட்டு விட்டது. டீச்சர் தலையை அசைத்துக்கொண்டு டிக் போட்டார்.

இடைவேளையில் தையல்காரி டீச்சரைப் பிடித்து, பதினேழுக்கு எதற்கு டிக் என்று கேட்டாள். டீச்சர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"பதில் வந்துச்சேம்மா," என்றார் டீச்சர். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "எனக்கும் ராத்திரியில தூக்கம் இல்ல. அந்த பெஞ்சைக் காலின்னு நினைச்சுட்டா, மீதி முப்பதும் அந்தப் பதினைஞ்சு நாளும் காலியாத்தான் இருந்துச்சு. அப்ப நான் யாருக்குப் பாடம் நடத்தினேன்?"

தையல்காரி வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் இருந்த புருஷனின் வேலைப் பையை இறக்கினாள். ஒன்பது மாதமாகத் தொடாத பை. பக்க அறையில், தாள் பொட்டலத்தில், ஒரு வாஷர் இருந்தது. மேலே பென்சிலால் 'ஸ்கூல் வராந்தா' என்று அவருடைய கோணல் எழுத்து. வாங்கித்தான் வைத்திருக்கிறார். அந்த 'நாளை'க்கு மட்டும் அவர் உண்மையாகவே போவதாக இருந்திருக்கிறார்.

பள்ளி விட்டபின் போய், கட்டியிருந்த துணியை அவிழ்த்து, குழாயைக் கழற்றி, வாஷரைப் போட்டு, அவர் செய்வதைப் பார்த்துப் பழகிய மாதிரி ஸ்பேனரால் இறுக்கினாள். சொட்டு நின்றது. கொஞ்ச நேரம் கையை நீட்டிப் பார்த்தாள். விழவில்லை. அந்தத் துணி அவருடைய பழைய பனியன். அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து நின்றாள். இன்றைக்கு முதல் நாள், இன்னும் பதினாலு என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். டீச்சர் பதினாறு வரை வந்தார். பிறகு அவள் புருஷன் பெயரைக் கூப்பிட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் நிமிர்ந்தார். பிள்ளைகளும் திரும்பி அந்தப் பெஞ்சைப் பார்த்தார்கள். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. டீச்சர் இரண்டாம் தடவை கூப்பிட்டார், முழுப்பெயர், இனிஷியலோடு. காத்திருந்தார். பேனா தாழ்ந்தது.

"உள்ளேன் டீச்சர்."

யார் சொன்னது என்று தையல்காரி திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அன்று மத்தியானமே சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபப்படவில்லை. இதையெல்லாம் ஆண்டவர் ஒரு காரணத்தோடுதான் செய்கிறார் என்றார். முடிவைத் தாளில் எழுதியே வைத்திருந்தார்.

"பதினேழாம் எண் இடத்துல உங்க பிள்ளை உட்காருதுன்னு வைங்க. அந்தப் பேரைக் கூப்பிட்டா அது பதில் சொல்லுது. அப்ப பதிவேட்டுல என்ன தப்பு? ஒண்ணுமே இல்ல. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"அப்ப அவ பேரு?" என்றாள் தையல்காரி.

"அவ பேரு எங்கயும் போகல. இன்னொரு புத்தகத்துல பத்திரமா இருக்கு."

எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். ஒன்றாம் வகுப்பு முடியும்வரைதான் என்றார் சிஸ்டர். அப்புறம் அதே பெயரில் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடலாம், நல்ல பெயர் வாங்கிய மாணவர் என்பதால் சிரமம் இருக்காது. தையல்காரி மறுப்பதற்கு வாயைத் திறந்தாள். காலையில் அந்த வாய் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. சிஸ்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் மகளின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பையிலிருந்த பெயரைப் பிரித்தாள். இரட்டை நூல் என்பதால் நேரம் பிடித்தது. நூலை உருவியபின் அந்த எழுத்துகள் ஊசித் துளைகளாக அப்படியே தெரிந்தன. நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அதன் மேலேயே அவருடைய பெயரை இனிஷியலோடு தைத்தாள். பைக்கு அந்தப் பெயர் கொஞ்சம் நீளம். கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கிப் போனது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். நான் அப்பா இடத்தில் உட்கார்ந்தால் அப்பா எங்கே உட்காருவார் என்று கேட்டாள். ஒதுங்கி உட்காருவார் என்றாள் அம்மா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வராந்தா உலர்ந்து கிடந்தது. வாயாடி வழியெல்லாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதவருகே பியூன் அவளுடைய சட்டைப் பையைக் குனிந்து படித்துவிட்டு, வழிவிட்டு நின்றார். அவள் நேராகப் போய்ப் பதினேழாம் பெஞ்சில், ஒரு ஓரமாக, மீதி இடத்தை விட்டு உட்கார்ந்தாள்.

தலைமை சிஸ்டர் வராந்தா வழியாகச் சிற்றாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மரித்தோர் புத்தகம் கையில் இருந்தது. தையல்காரியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "பத்து மணிக்கு வாசிப்போம். மகள் பேரு வரும்போது நீங்க முன்னால வந்து ஒரு மெழுகுவர்த்தி ஏத்தலாம்."

உள்ளே டீச்சர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பதினைந்து. பதினாறு. பிறகு அந்தப் பெயர்.

"உள்ளேன் டீச்சர்."

சன்னக் குரல்தான். ஆனால் வாயாடியின் குரல் அதுவரை அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை. டீச்சர் டிக் போட்டார். முப்பத்தொன்று வரை முடித்தார். பியூன் சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடியெடுத்தார், கதவைச் சாத்தினார், இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.